கடன் வாங்கித் தருபவர் யாருடைய ஆள்?

ஜவ்வாது மலையிலும் அடிவார ஊர்களிலும் வீட்டுக்கடன் முகவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டுக்கடன் தரகர் என்பவர் வீடு வாங்குபவருக்கும் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நிற்பவர். ஏற்ற கடனைத் தேடி, மனுவை நிரப்பி, ஆவணங்களைத் திரட்டி, பணம் வந்து சேரும்வரை கூட நடப்பது அவர் வேலை. எந்த ஒரு வங்கிக்கும் கட்டுப்படாமல் பல நிறுவனங்களின் கடன்களை ஒப்பிட்டுச் சொல்பவரைத் தனித்த தரகர் என்பார்கள். பிரிட்டனில் 2004 அக்டோபர் 31 முதல் நிதி ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி இல்லாமல் யாரும் இத்தொழிலைச் செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவில் 2021 ஜனவரி 1 முதல், கடன் வாங்குபவரின் நலனையே தரகர் முன்னிறுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வங்கித் துறையின் முறைகேடுகளை விசாரித்த ஆணையம் 2019இல் தந்த அறிக்கைக்குப் பிறகு வந்த மாற்றம் அது. அமெரிக்காவில், கூடுதல் வட்டிக்குக் கடனைத் தலையில் கட்டினால் தரகருக்குக் கூடுதல் கமிஷன் என்ற ஏற்பாடு 2008 வீட்டுக்கடன் சரிவுக்குப் பின் தடை செய்யப்பட்டது.

இந்தியாவில் கடன் தரகருக்கு என்று தனி உரிமம் கிடையாது. முதலீட்டு ஆலோசகர் செபியிடம் பதிவு செய்ய வேண்டும். காப்பீட்டுத் தரகருக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனை விற்கும் முகவருக்குக்கூட ரேரா பதிவு உண்டு. ஒரு குடும்பம் வாழ்நாளில் வாங்கும் மிகப் பெரிய கடனுக்கு நடுவில் நிற்பவரிடம் மட்டும் இப்படி எந்தப் பதிவெண்ணையும் கேட்க முடியாது. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை. இதனால் எளிதில் ஏமாறக்கூடியவர்கள் வங்கியின் வாசலை முதல்முறை மிதிப்பவர்கள் என்பதால் இதை அடைக்க வேண்டிய அவசரமும் பெரிது.

ஊரில் ‘லோன் ஏஜென்ட்’ என்று அழைக்கப்படுபவர் பெரும்பாலும் டி.எஸ்.ஏ., அதாவது வங்கியோ வீட்டுவசதி நிதி நிறுவனமோ ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும் நேரடி விற்பனை முகவர். அல்லது அப்படிப்பட்ட முகவருக்குக் கீழே வேலை பார்க்கும் துணை முகவர். நான்கைந்து நிறுவனங்களின் ஒப்பந்தம் ஒருவரிடமே இருக்கலாம். அதனால் அவர் தனித்தவர் போலத் தோன்றுவார். ஆனால் கடன் தொகையில் ஒரு பங்கை அவருக்குக் கமிஷனாகக் கொடுப்பது கடன் கொடுத்த நிறுவனம். கமிஷன் வாங்குவது குற்றமல்ல. உழைப்புக்குக் கூலி வேண்டும். அந்தக் கூலி எங்கிருந்து வருகிறது, எதைப் பொறுத்துக் கூடுகிறது என்பதைக் கடன் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். முகவரின் நடத்தைக்கு வங்கியே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. இப்போதைக்கு வாடிக்கையாளருக்கு உள்ள பிடிமானம் அதுதான்.

முதலில் நிலம், பிறகுதான் கடன்

சென்னையிலோ கோவையிலோ அடுக்ககம் வாங்குபவர் முகவரிடம் கேட்கும் முதல் கேள்வி வட்டி எவ்வளவு என்பது. ஜவ்வாது மலையில் அதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது: இந்த நிலத்தை அடமானம் வைக்க முடியுமா? மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தில், புதூர்நாடு திருப்பத்தூரில், பீஞ்சமந்தை வேலூரில். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினரான மலையாளிகள். சாமை, புளி, தேன், சீத்தாப்பழம் என்று நிலத்தையும் காட்டையும் நம்பிய வாழ்க்கை. அந்த நிலம் ஒரே வகைப்பட்டதல்ல என்பதில்தான் வீட்டுக்கடனின் சிக்கல் தொடங்குகிறது.

வங்கி வீட்டுக்கடன் கொடுப்பது பத்திரத்தை ஒப்படைத்துச் செய்யும் அடமானத்தின் பேரில். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் வருவது அது. கடன் திரும்பாவிட்டால் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, சொத்தைக் கைப்பற்றி விற்கலாம். விற்க முடியாத நிலத்தை எந்த வங்கியும் அடமானமாக ஏற்காது. வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ்க் கிடைக்கும் உரிமை அப்படிப்பட்டது. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு இறங்கலாம், பிறருக்கு விற்கவோ மாற்றவோ முடியாது என்று சொல்கிறது. மலைமக்களின் நிலம் வெளியார் கைக்குப் போகாமல் காப்பதற்கென்றே எழுதிய விதி அது. அந்தப் பாதுகாப்பே வங்கி வாசலில் தடையாகவும் நிற்கிறது.

அரசு மலைமக்களுக்கு ஒப்படை செய்த நிலம் இன்னொரு வகை. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆந்திரத்தில் இருப்பதுபோலப் பழங்குடியினர் நில மாற்றத்தைத் தடுக்கும் தனிச்சட்டமும் இங்கே கிடையாது. ஒப்படைப் பட்டாவில் எழுதிய நிபந்தனைகளும் வருவாய்த் துறையின் நிலையாணையுமே காப்பு. நிபந்தனையோடு வந்த நிலத்தை மீறி விற்றால், வருவாய்த் துறை ஒப்படையையே ரத்து செய்யலாம். மூன்றாவது வகை, விவசாய நிலமாகவே பட்டாவில் இருப்பது. சர்ஃபேசி சட்டத்தின் 31ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்குக் கொடுத்திருப்பதால், மனையாக வகை மாறாத நிலத்துக்கு வீட்டுக்கடன் என்றால் வங்கிகள் பின்வாங்குகின்றன. காப்புக்காட்டு எல்லைக்குள் இருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே மலையின் மேல் வீடோ மனையோ வாங்க வரும் சமவெளிக்காரரிடம் நேர்மையான முகவர் சொல்ல வேண்டிய முதல் சொல் ‘பொறுங்கள்’ என்பதுதான். பவர் பத்திரம், பதியாத ஒப்பந்தம், அனுபவ பாத்தியம் என்ற பெயர்களில் கைமாறும் இடத்துக்கு எந்த வங்கியும் அடமானக் கடன் தராது. அதை மறைத்து, ‘தனிநபர் கடன் போட்டுத் தருகிறேன், நிலத்தை எழுதிக்கொள்ளுங்கள்’ என்பவர் விலகி நிற்க வேண்டியவர். தனிநபர் கடனுக்கு வட்டி கூடுதல், தவணைக்காலம் குறைவு, முகவருக்குக் கமிஷன் விகிதம் பெரும்பாலும் அதிகம். நிலம் கையை விட்டுப் போனாலும் கடன் போகாது. விற்றவர் ஒரு மலையாளிக் குடும்பமாக இருந்தால், நிலத்தை இழந்த அவர்கள் பக்கத்து நட்டம் இன்னும் பெரியது.

மலையிலேயே வீடு கட்ட நினைக்கும் குடும்பத்துக்குப் பல சமயம் அடமானக் கடனே தேவைப்படாது. பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம் ரூபாய் என்றால் மலைப்பகுதிக்கு 1.30 லட்சம் உதவித்தொகை. தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம். இவற்றில் முகவருக்குக் கமிஷன் இல்லை. மனு போகும் இடம் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலகமும். இந்தத் திட்டங்களில் வீடு ‘வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால், அவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

வீட்டுக்கடன் முகவர் உண்மையில் தேவைப்படுவது இன்னொரு சாராருக்கு. மலையில் பிறந்து ஆசிரியராகவோ, காவலராகவோ, செவிலியராகவோ வேலைக்குப் போய், பிள்ளைகளின் படிப்புக்காகத் திருப்பத்தூர், ஆலங்காயம், போளூர், செங்கம், திருவண்ணாமலை போன்ற ஊர்களில் வீடு தேடும் குடும்பங்கள் இவை. அடிவார ஊர்களில் நிலம் விற்கக்கூடியது, வங்கிகள் போட்டி போடுகின்றன, முகவர்களும் நிறைய. மனை அங்கீகாரம் மட்டும் கவனிக்க வேண்டியது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளுக்கு 2016 அக்டோபர் 20 என்ற வரம்புத் தேதி இருக்கிறது. அதற்குப் பின் உருவான அங்கீகாரமற்ற மனையைப் பதியவே சிக்கல். வங்கிக் கடனுக்கோ நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரமோ வரன்முறை ஆணையோ இல்லாமல் வழியில்லை. முகவர் இந்தத் தாளை முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும். கேட்காமல் சம்பளச் சீட்டை மட்டும் வாங்கிப் போகிறவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது அக்கறை இல்லை.

முகவரின் கணக்கும் குடும்பத்தின் கணக்கும்

20 லட்சம் ரூபாய்க் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய். முழுக் காலமும் கட்டினால் வட்டி மட்டும் 21.65 லட்சம். அதே கடன் 9 சதவீதத்தில் என்றால் தவணை சுமார் 17,995. மாதம் 639 ரூபாய் வித்தியாசம் சிறிதாகத் தெரியும். 240 மாதங்களில் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். முகவருக்கு அரை சதவீதக் கமிஷன் என்று கொண்டால், இரண்டு கடன்களிலும் அவருக்குக் கிடைப்பது பத்தாயிரமே. குடும்பம் இழக்கும் ஒன்றரை லட்சம் அவர் கணக்கில் எங்கும் வராது. இரண்டாவது நிறுவனம் அவருக்கு முக்கால் சதவீதம் கொடுத்தால், ஐயாயிரம் ரூபாய்க்காக ஒரு குடும்பம் இருபது ஆண்டுகள் கூடுதலாகக் கட்ட நேரும்.

தவணைக்காலத்திலும் இதே சங்கதி. 20 லட்சத்தை 8.5 சதவீதத்தில் 15 ஆண்டுகளில் அடைத்தால் தவணை சுமார் 19,695, வட்டி 15.45 லட்சம். மாதம் 2,300 ரூபாய் கூடக் கட்டினால் ஆறு லட்சத்துக்கு மேல் மிச்சம். தவணை குறைவு என்பதை மட்டும் காட்டி நீண்ட காலத்தை விற்பவர், முழுத் தொகையையும் பக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது காப்பீடு. கடனோடு சேர்த்து ஒரே பிரீமியம் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை நுழைப்பது பரவலான வழக்கம். 60,000 ரூபாய் பிரீமியத்தைக் கடன் தொகையோடு சேர்த்துவிட்டால், 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுகளில் அதற்காகக் கட்டுவது ஏறத்தாழ 1.25 லட்சம். சம்பாதிப்பவர் ஒருவரே என்ற குடும்பத்துக்கு உயிர்க்காப்பீடு அவசியம்தான். அதைத் தனியாக, தேவைக்கேற்ற தொகைக்கு, ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும்படி எடுக்கலாம். ‘இந்தப் பாலிசி இல்லாமல் கடன் வராது’ என்று முகவர் சொன்னால், அதை எழுத்தில் கேட்பதே நல்லது. எழுத்தில் தருபவர்கள் குறைவு.

‘நூறு சதவீதக் கடன்’ என்ற விளம்பரமும் ஒரு பொறி. 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதமே ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. பத்திரச் செலவு பொதுவாக அந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 25 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சமாக 22.5 லட்சம் கொடுத்தாலும், மீதி 2.5 லட்சமும் பத்திரச் செலவு 2.25 லட்சமும் சேர்ந்து 4.75 லட்சம் கையில் இருக்க வேண்டும். இல்லாத பணத்தை ‘அட்ஜஸ்ட்’ செய்வதாகச் சொல்லும் முகவர், விலையை ஏற்றிக் காட்டுவார் அல்லது இன்னொரு கடனை மறைத்து வாங்கச் சொல்வார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டவரே மாட்டுவார். பத்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்பதைச் சொல்லும் முகவர் தம் வேலையை அறிந்தவர்.

முகவரிடம் கேட்க வேண்டியவை

முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கலாம். எந்தெந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது? இந்தக் கடனில் யாரிடமிருந்து எவ்வளவு கிடைக்கும்? ஒப்பந்தம் இல்லாத வங்கியில் வட்டி குறைவாக இருந்தால் அதைச் சொல்வீர்களா? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்ற இரண்டையும் விளக்கிவிடும். முகவர் அட்டை காட்டினால், அந்த வங்கிக் கிளைக்கே போய் இவர் உங்கள் முகவரா என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. வங்கிக் கமிஷனும் வாங்கிக்கொண்டு வீடு வாங்குபவரிடமும் கைக்கூலி கேட்பவரைத் தவிர்ப்பதே நலம். கமிஷனே வேண்டாம், வாடிக்கையாளர் கொடுக்கும் கட்டணம் போதும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு வேலை செய்பவர் அரிதாகக் கிடைத்தால், அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் வீண்போகாது.

ஒருவர் எவ்வளவு தூரம் தனித்தவர் என்பதை அறிய இன்னொரு சோதனை இருக்கிறது: கமிஷன் வராத வழிகளை அவர் தாமாகச் சொல்கிறாரா என்று பார்ப்பது. அரசு ஊழியருக்கு வீடு கட்டும் முன்பணம் உண்டு. வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. நகரப் பகுதிகளில் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0இன் வட்டி மானியம் உண்டு: ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்துக்கு நாட்டில் வேறெங்கும் நிலையான வீடு இல்லையென்றால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், மொத்தம் 1.80 லட்சம் வரை. ஊரக வீட்டுத் திட்டத்தில் மலையில் வீடு கட்டியவர் இதற்கு மனு போடும் முன் இந்தக் கடைசி நிபந்தனையைச் சரிபார்க்க வேண்டும்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், வண்டி ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், புளி வாங்கி விற்பவர் ஆகியோருக்குத்தான் நல்ல முகவரின் உதவி அதிகம் தேவை. வரவை நேரில் மதிப்பிட்டுக் கடன் கொடுக்கும் வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் உண்டு; வட்டி வங்கியைவிடக் கூடுதல். வங்கிக் கணக்கில் தொடர்ந்து வரவு காட்டி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்து, சில காலம் பொறுத்து வங்கிக்குப் போனால் வட்டி குறையும் என்று சொல்லும் முகவர் அன்றைய கமிஷனை இழக்கிறார். அப்படிச் சொல்பவரை நம்பலாம். போலி வருமானச் சான்று தயார் செய்வதாகச் சொல்பவரோடு பேச்சையே நிறுத்திவிட வேண்டும்.

சில வேலைகளை முகவரிடம் விடக்கூடாது. மூலப்பத்திரத்தை வங்கியில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். வெற்றுப் படிவத்திலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து ஆகாது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. யாருக்கும் இல்லை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றை அரசின் இணையச் சேவையிலேயே பார்த்துக்கொள்ளலாம். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும், அதாவது சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க், ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 300 முதல் 900 வரையிலான அந்த மதிப்பெண்ணை முகவர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிடத் தாமே பார்த்துக்கொண்டு போனால் பேச்சு மாறும். மனுவைப் பத்து இடங்களுக்கு ஒரே வாரத்தில் அனுப்பும் முகவர் கெடுதல் செய்கிறார். ஒவ்வொரு விசாரணையும் அந்த அறிக்கையில் பதிவாகிறது.

கையெழுத்துக்கு முன் ஒரு தாள்

2024 அக்டோபர் முதல் வீட்டுக்கடன் உட்பட எல்லாத் தனிநபர் சில்லறைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை கட்டாயம். வட்டி, புராசஸிங் கட்டணம், வங்கி வழியாகப் பிடிக்கப்படும் சட்டக் கருத்துக் கட்டணமும் காப்பீடும் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு மொத்தச் செலவு எத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணில் அது சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், தமிழில் கேட்கலாம். கொடுத்த நாளிலிருந்து குறைந்தது மூன்று வேலை நாள்கள் அந்த நிபந்தனைகள் செல்லும். அந்த மூன்று நாள்களில் இன்னொரு வங்கியின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் உண்மையான ஒப்பீடு. ‘இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் வட்டி ஏறிவிடும்’ என்ற அவசரத்துக்கு இந்த விதி பதில் சொல்கிறது.

பல நிறுவனங்களின் கடனைக் காட்டும் செயலிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025 மே மாத நெறிமுறைகளில் ஒரு கட்டாயத்தைக் கொண்டுவந்தது: பொருந்தும் சலுகைகள் எல்லாவற்றையும், நிறுவனத்தின் பெயர், தொகை, காலம், மொத்தச் செலவு விகிதம் ஆகியவற்றோடு, பாரபட்சமின்றிக் காட்ட வேண்டும். பையும் படிவமுமாக வீட்டுக்கு வரும் ஏஜென்டுக்கு இப்படிப்பட்ட கட்டாயம் இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

கடன் கைக்கு வந்த பிறகு முகவரைக் காண்பது அரிது. அப்போது விதிகளைத் தெரிந்திருப்பதே துணை. மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வசூலிக்க முடியாது. முகவரோ வங்கியோ ஏமாற்றியதாகத் தோன்றினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார்; 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், தொலைபேசி 14448. வீட்டுவசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் போக வேண்டும். எங்கே போனாலும் முகவர் வாயால் சொன்னது நிற்காது. வாட்ஸ்அப் செய்தியாகவாவது அவரிடம் வாக்குறுதியை வாங்கி வைத்திருப்பது இதற்குத்தான்.

கடைசித் தவணை முடிந்து 30 நாளுக்குள் வங்கி மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள விதி இது. கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திர ஒப்படைப்பு ஆவணத்தை ரத்து செய்யும் ரசீதையும் அங்கேயே பதிய வேண்டும். இல்லையென்றால், கடனை அடைத்த பிறகும் வில்லங்கச் சான்றில் அடமானம் இருப்பதாகவே காட்டும்.